காரை பழுக்கும் கரடு

மாசி மகத் திருவிழாவுக்குத் தீர்த்தமலை ஏறுகிறவர்களின் வேட்டி நுனியையும் சேலைத் தலைப்பையும் வழியோரத்தில் பிடித்து இழுக்கும் செடிகளில் காரையும் ஒன்று. முள்ளை விலக்கிவிட்டு எல்லோரும் மேலே நடந்துவிடுகிறார்கள். நின்று, இது என்ன செடி என்று பார்ப்பவர் குறைவு. பார்த்தாலும் அந்த மாதத்தில் அடையாளம் சொல்வது கடினம். இலையெல்லாம் கொட்டிப்போய், சாம்பல் பூத்த குச்சிகளும் கூர்முள்ளும் மட்டும் நிற்கும். பட்டுப்போனது என்று நினைத்து ஒரு குச்சியை நகத்தால் கீறினால், மேல்தோலுக்கு அடியில் பச்சை தெரியும்.

இதே மக்கள் ஆடிப் பதினெட்டுக்கு அனுமன் தீர்த்தத்துக்கு வந்து தென்பெண்ணையில் முழுகிவிட்டு மறுபடி மலைப்பக்கம் வருவார்கள். அதற்குள் கோடை மழை பெய்து, தென்மேற்குக் காற்றின் தூறலும் விழுந்திருக்கும். மாசியில் வெறும் முள்ளாக நின்ற செடி அப்போது பளபளக்கும் சிற்றிலைகளால் மூடிக் கிடக்கும். அரை ஆண்டு இடைவெளியில் ஒரே செடி இரண்டு செடியாகத் தெரிவதால்தானோ என்னவோ, அதற்குரிய கவனம் இரண்டு முறையும் தப்பிவிடுகிறது.

தீர்த்தமலை தருமபுரி மாவட்டத்தில், அரூரில் இருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மலைமேல் தீர்த்தகிரீசுவரர், உடன் வடிவாம்பிகை. பூசைக்கு நீர் கிடைக்காமல் ராமர் அம்பு எய்து வரவழைத்ததாகச் சொல்லப்படும் ராமர் தீர்த்தம் பாறை உச்சியில் இருந்து விழுகிறது. அகத்தியர், குமாரர், கௌரி, அக்கினி பெயர்களிலும் தீர்த்தங்கள் உண்டு. அருணகிரிநாதர் இந்தத் தலத்துக்குத் திருப்புகழ் பாடியிருக்கிறார். இந்த மலையைப் பற்றி எழுதுகிற எவரும் தண்ணீரில் தொடங்கித் தண்ணீரில் முடிப்பது இயல்புதான். ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு முள்காட்டின் நடுவில் விழுகிறது. அந்த முள்காட்டை நாம் யாரும் காடு என்று சொல்வதில்லை. கரடு என்கிறோம், புதர் என்கிறோம், அரசாங்கத் தாளில் இன்னும் மோசமான பெயர் இருக்கிறது. அந்தக் காட்டில் குடியிருக்கும் ஒரு செடியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படி வாழ்கிறது என்று சொல்லிவிட்டால், அந்தப் பெயர்கள் எவ்வளவு தவறு என்பது தானாகவே விளங்கும் என்று நம்புகிறேன்.

காரை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வளரும். நல்ல மண் கிடைத்தால் மூன்று மீட்டர் வரை போகும். பாறை இடுக்கில் வேர் விட்டது இடுப்பு உயரத்தோடு நின்றுவிடும். அடியில் இருந்தே பல கிளைகளாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். காப்பிச் செடியும் நுணாவும் இட்லிப் பூவும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். அந்தக் குடும்பத்தின் முத்திரையைக் காரையிலும் பார்க்கலாம்: இலைகள் எதிரெதிராக, சோடி சோடியாக வரும், இரண்டு இலைக்காம்புக்கும் இடையில் தண்டை ஒட்டி ஒரு சின்ன முக்கோணச் செதில் இருக்கும். ஒரு கணுவில் கிழக்கு மேற்காக ஒரு சோடி வந்தால் அடுத்த கணுவில் வடக்கு தெற்காக வரும். முள்ளும் இதே ஒழுங்கில்தான் முளைக்கிறது. அதனால் காரைக் கிளைக்கு நான்கு திசையிலும் முள். எந்தப் பக்கம் இருந்து வாய் வைத்தாலும் ஒரு முனை காத்திருக்கும்.

ரோசாச் செடியின் முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் தோலோடு பெயர்ந்து வந்துவிடும். அது மேல்தோலின் வளர்ச்சி. காரையின் முள் அப்படி வராது. அது கிளையாக வளர வேண்டிய மொட்டு, கிளையாகாமல் இறுகி முள்ளானது. உள்ளே நீர் போகும் குழாய்கள் வரை எல்லாம் இருக்கும். ஒரு கிளையை வளர்ப்பதற்கான வாய்ப்பையே கொடுத்து இந்தச் செடி ஒரு முள்ளை வாங்கியிருக்கிறது என்றால், அந்த முள்ளின் தேவை எவ்வளவு என்று யோசிக்கலாம்.

தேவை வெள்ளாட்டிடம் இருந்து வருகிறது. அதற்கு முன்னால் மானிடம் இருந்து. காரைத் தளிர் ஆட்டுக்குப் பிடித்த தீனி. அரூர்ப் பக்கத்தில் பட்டி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முள் இருக்கிறதே, பிறகு எப்படித் தின்கிறது என்று கேட்கலாம். தின்னும். ஆனால் நிதானமாகத்தான் தின்ன முடியும். 1986-இல் கூப்பர், ஓவன்-ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் தென்னாப்பிரிக்க முள்காடுகளில் ஆடுகளும் மான்களும் மேய்வதைக் கூர்ந்து கவனித்து எழுதினார்கள். முள் விலங்கை விரட்டுவதில்லை. ஒவ்வொரு கடியின் அளவையும் சிறிதாக்குகிறது, வேகத்தைக் குறைக்கிறது என்பது அவர்கள் கண்டது. கொத்தாக உருவ முடியாது. ஒவ்வொரு இலையாக உதட்டை நீட்டி எடுக்க வேண்டும். ஆட்டுக்குப் பொறுமை தீர்ந்து அடுத்த செடிக்குப் போகும்போது காரையில் பாதிக்கு மேல் இலை மிச்சம் இருக்கும். ஆட்டுக்கும் வயிறு நிறையும், செடியும் பிழைக்கும். தீர்த்தமலை அடிவாரத்தில் எத்தனையோ தலைமுறை ஆடுகள் மேய்ந்தும் காரை அழியாமல் இருப்பதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம்.

இலையுதிர்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இலை உதிர்வதைக் குளிரோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மேல்நாட்டில் பனிக்கு அஞ்சி மரம் இலையை உதிர்க்கிறது, இங்கே வறட்சிக்கு. தருமபுரி மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. அதுவும் ஒரே சீராக விழுவதில்லை. தை பிறந்ததில் இருந்து பங்குனி வரை வானம் வெறிச்சென்று இருக்கும். பாறை சூடேறும், காற்று உலரும். ஒவ்வொரு இலையிலும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வேர் உறிஞ்சுவதைவிட இலை இழப்பது அதிகமானால் செடி உலர்ந்துவிடும். எனவே காரை இலையைக் கழற்றுகிறது.

கழற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்கிறது. இலையில் உள்ள பச்சையத்தை உடைத்து, தழைச்சத்து போன்ற விலையுயர்ந்த சரக்கையெல்லாம் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் உதிரும் முன் இலை மஞ்சளிக்கிறது. பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய உயிரணு அடுக்கு உருவாகி, இலைக்கும் கிளைக்கும் நடுவில் வழியை அடைக்கிறது. சின்னக் காற்று போதும், இலை விழுந்துவிடும். விழுந்த இடத்தில் காயம் இருக்காது. ஆறிய தழும்பு மட்டும் இருக்கும். இத்தனையும் வறட்சி முற்றுவதற்குள் நடந்து முடிகிறது.

காரை ஒரு முழு இலையுதிர் செடி என்று கறாராகச் சொல்லிவிட முடியாது. ஓடையோரத்தில் நிற்பது, ராமர் தீர்த்தத்தின் நீர் கசிந்து வரும் பாறைக்கு அருகில் நிற்பது போன்றவை ஆண்டு முழுவதும் கொஞ்சம் இலையை வைத்துக்கொள்ளும். மேட்டில், வெயில் முகத்தில் நிற்பது முற்றாக உதிர்க்கும். ஒரே மலையில், கூப்பிடு தூரத்தில், ஒரு காரை பச்சையாகவும் இன்னொரு காரை மொட்டையாகவும் நிற்பதைப் பார்க்கலாம். நாட்காட்டி பார்த்து இலை உதிர்க்கும் செடி அல்ல இது. நின்ற இடத்தின் ஈரத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. மலையில் எங்கே நீர் மறைந்து ஓடுகிறது என்பதை மாசி மாதத்துக் காரையை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

சித்திரையில் இடி இடித்து ஒரு மழை விழட்டும். சில நாட்களில் முள்ளின் அடியில் இருந்து தளிர் கொத்தாகக் கிளம்பும். முள்ளின் காவலில் தளிர் பிறக்கும்படி அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தளிரைத்தான் நம் பாட்டிமார் ஒடித்து வந்து கீரையாகச் சமைத்தார்கள். கம்மங்கூழும் கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் தின்ற ஊரில், தோட்டத்தில் விதைத்து வளர்த்த கீரையைவிடத் தானாக முளைத்த கீரைதான் அதிகம் கைகொடுத்திருக்கிறது. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை போன்றவற்றோடு காரைத் தளிரும் ஒரு கைப்பிடி விழும். எல்லாவற்றையும் சேர்த்து வேகவைத்துக் கடைந்தால் களிக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று.

தெலுங்கில் காரையின் பெயர் பலுசு. உயிர் மட்டும் மிஞ்சினால் போதும், பலுசு இலையைத் தின்றாவது காலம் தள்ளிவிடலாம் என்ற பொருளில் அவர்களிடம் ஒரு பழமொழி வழங்குகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேசப்படும் தருமபுரி மாவட்டத்தில் அந்தப் பழமொழியின் அர்த்தம் யாருக்கும் விளக்கப்பட வேண்டியதில்லை. பஞ்ச காலத்தில் கடைசித் துணையாக நின்ற செடி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்று சத்துணவு பற்றி எவ்வளவோ பேசுகிறோம். வேலி ஓரத்தில் ஒவ்வொரு மழைக்கும் இலவசமாகத் துளிர்க்கும் இந்தக் கீரையைப் பறிக்கத் தெரிந்த கைகள் வீட்டுக்கு வீடு குறைந்துகொண்டே வருவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

காரைப் பூ சின்னது. பச்சை கலந்த வெண்மை, சில செடிகளில் இளமஞ்சள். நான்கு இதழ். இலைக் கக்கத்தில் கொத்தாகப் பூத்திருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் பூத்திருப்பதே தெரியாது. ஆனால் அந்தச் சிறு பூவுக்குள் நடக்கும் ஏற்பாடு வியக்க வைப்பது. பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை மகரந்தத்தைத் தானே வைத்துக்கொண்டு பூச்சிக்காகக் காத்திருக்கும். காரையும் அதன் நெருங்கிய உறவுச் செடிகளும் அப்படிச் செய்வதில்லை. மொட்டு விரியும் முன்னரே மகரந்தப் பைகள் வெடித்து, நடுவில் உள்ள சூல்தண்டின் குமிழ் போன்ற தலைமேல் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. பூ விரிந்ததும் அந்தத் தண்டு வெளியே நீண்டு, மகரந்தத்தை ஏந்தி நிற்கிறது. தேன் குடிக்க வரும் சிறு தேனீயோ ஈயோ அதில் உரசிப் பூசிக்கொண்டு போகிறது. அதன் பிறகுதான் அதே குமிழில் உள்ள சூல்முடி மற்ற பூவின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. முதலில் கொடுக்கும் முறை, பிறகு வாங்கும் முறை. இரண்டும் ஒரே தண்டின் நுனியில். குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிய இடத்தில் இத்தனை திட்டம்.

இனிப் பழம்.

காரைக்காய் முதலில் பச்சை. கொஞ்சம் முற்றியதும் மஞ்சள் ஏறி, நன்றாகப் பழுத்தால் ஆரஞ்சை நெருங்கிய மஞ்சளாகும். இன்னும் விட்டுவைத்தால் பழுப்பேறிச் சுருங்கும். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். நுனியில் ஒரு சிறு பள்ளம் விழுந்து, தலைகீழ் இதயம் போல இருக்கும். காரணம் உள்ளே இரண்டு அறை, அறைக்கு ஒரு விதை. ஒரு விதை மட்டும் தேறி மற்றது சூம்பிப்போனால் பழம் ஒரு பக்கம் புடைத்துக் கோணலாக இருக்கும். அத்தகைய ஒற்றை விதைப் பழத்தில் சதை கூடுதல் என்று பிள்ளைகள் தேடிப் பறிப்பார்கள். பச்சைக் காயில் அதன் முள்ளையே ஒடித்துச் செருகிப் பம்பரம் விடுவதும் உண்டு.

தின்னும் முறை தெரிந்திருக்க வேண்டும். நசுங்கும் பதத்தில் இருப்பதை மட்டும் பறிக்க வேண்டும். இல்லாவிட்டால் துவர்ப்பில் நாக்கு மரத்துவிடும். காம்புப் பக்கம் கிள்ளிவிட்டு அழுத்தினால் சதையோடு கொட்டை வாய்க்குள் வழுக்கி வரும். இனிப்புதான், ஆனால் கடைப் பழத்தின் இனிப்பு இல்லை. அடியில் ஒரு மெல்லிய துவர்ப்பு கடைசி வரை இருக்கும். சதை கொஞ்சம், கொட்டை அதிகம். வயிறு நிறையத் தின்ன ஒரு செடி போதாது, செடி செடியாகப் போக வேண்டும். பழத்தைத் தேடிப் போகும் பிள்ளைகளுக்குக் கரட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் இப்படித்தான் மனப்பாடம் ஆயிற்று. எந்தச் செடி முதலில் பழுக்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் இருப்பது அதிகம் இனிக்கும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வெளியே கற்ற புவியியல்.

செடிநூலார் சதைக்கனிகளை இரண்டாகப் பிரிப்பார்கள். சதைக்குள் கடினமான கொட்டை இருந்தால் ஒரு வகை. கொட்டை இல்லாமல் விதைகள் சதையிலேயே பதிந்து கிடந்தால் இன்னொரு வகை. மாம்பழம் முதல் வகை, தக்காளி இரண்டாவது. காரை மாம்பழத்தின் பக்கம் சேரும். இரண்டாவது வகையை இதே சரிவில் பார்க்க ஆசைப்பட்டால் காரையின் சொந்தக்காரச் செடி ஒன்று இருக்கிறது: மருக்காரை, சிலர் மருங்காரை என்பார்கள். அதே குடும்பம், அதே போல் முள், அதே போல் வறட்சியில் இலை உதிர்க்கும். பூ மட்டும் பெரியது, ஐந்து இதழ், மணமுள்ளது. வெள்ளையாக விரிந்து வாடும்போது மஞ்சளாகும்; எனவே ஒரே கிளையில் வெள்ளையும் மஞ்சளும் கலந்து நிற்கும். காய் சின்ன எலுமிச்சை அளவு வரும். தலையில் புல்லிவட்டம் ஒரு முடி போல ஒட்டிக்கொண்டே இருக்கும். வெட்டினால் சதையில் ஏராளமான விதைகள்.

அந்தக் காயை விளையாட்டாகக்கூட வாயில் வைக்கக் கூடாது. நுரை எழுப்பும் சப்போனின் அதில் நிறைய. ஆயுர்வேதத்தில் மதனபலம் என்ற பெயரில் வாந்தி எடுக்க வைக்கும் மருந்துகளில் முதன்மையானது இதுவே. குட்டைகளில் காயை நசுக்கிப் போட்டு மீனை மயங்க வைத்துப் பிடிப்பதும் பழைய வழக்கம். சகோதரிச் செடிகள் இரண்டு. ஒன்று பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கிறது, மற்றது நஞ்சைக் காட்டி விரட்டுகிறது. சின்னது, மஞ்சள், நுனியில் பள்ளம் இருந்தால் காரை. பெரியது, உருண்டை, தலையில் முடி இருந்தால் மருக்காரை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரியவர்கள் கடமை.

காரைப் பழத்தை நம்மைவிட அதிகம் தின்பது சின்னான் குருவிகள். செம்மீசைச் சின்னானும் வெண்புருவச் சின்னானும் முள்ளுக்குள் புகுந்து புறப்படுவதில் தேர்ந்தவை. பழத்தை முழுதாக விழுங்கி, சதையைச் செரித்துவிட்டு, கொட்டையை எங்கோ எச்சத்தில் போட்டுவிடும். அந்த எங்கோ என்பது பெரும்பாலும் இன்னொரு புதரின் மேல் கிளை. ஏனென்றால் குருவி உட்கார இடம் தேடுவது அங்கேதான். எனவே விதை விழுவதும் புதரின் அடியில். இதில்தான் முள்காட்டின் முழு ரகசியமும் இருக்கிறது.

புதரின் அடி என்பது கரட்டில் மிக நல்ல இடம். காற்றில் பறந்து வரும் சருகு முள்ளில் சிக்கி அங்கே விழும். மழையில் அரித்து வரும் மண் தூரில் தட்டி அங்கே தங்கும். நண்பகலில் பாறை கொதிக்கும்போது அங்கே நிழல். கால்நடை மூக்கை நீட்டினால் குத்தும். சருகு மக்கி, மண் கறுத்து, ஈரம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அந்த இடத்தில் ஒரு வேம்போ, வெப்பாலையோ, உசிலையோ முளைத்தால், தலை முள்ளுக்கு மேலே எழும் வரை அதற்குப் பாதுகாப்பு உண்டு. மரம் பெரிதான பிறகு புதர் அதன் நிழலில் மெலிந்து ஒதுங்கும். இந்தப் பகுதியின் கரடுகளில் தானாக நிற்கும் மரங்கள் பலவற்றின் தூரைச் சுற்றிப் பழைய முள்செடியின் மிச்சம் கிடப்பது இதனால்தான்.

சந்தனம் இதற்கு மிக நல்ல சான்று. அரூர், சித்தேரி மலைப் பகுதி சந்தனத்துக்குப் பெயர் பெற்றது. சந்தனம் தனியாக வாழாத மரம். அதன் வேர் பக்கத்துச் செடிகளின் வேரைத் தொட்டு ஒட்டிக்கொண்டு நீரும் உப்பும் உறிஞ்சுகிறது. கல்கத்தா தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜான் ஸ்காட் 1871-இல் இதை எழுதினார். சந்தனப் பழத்தையும் பறவைகள்தான் தின்று விதையைப் புதருக்குள் போடுகின்றன. அங்கே நிழலும் கிடைக்கிறது, முள்ளின் காவலும் கிடைக்கிறது, ஒட்டிக்கொள்ள வேரும் கிடைக்கிறது. சந்தனக் கன்று தானாகத் தேறி வரும் இடத்தைத் தேடினால், பெரும்பாலும் ஒரு முட்புதரின் நடுவில்தான் கண்டுபிடிப்போம். உலகமே விலை கேட்ட மரத்துக்குத் தாய்மடி, எவரும் விலை கேட்காத புதர்.

காரையோடு இந்தச் சரிவில் சூரையும் பூலாவும் களாவும் நிற்கின்றன. சூரையின் முள் வளைந்தது. உள்ளே போனவரை வெளியே விடாது. பூலாவின் பழம் வெள்ளை முத்து. இவற்றைப் பற்றித் தனித்தனியே எழுதலாம். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடும்போது அங்கே படர்ந்து கிடக்கும் செடிகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். அந்த வரிசையில் சூரையும் இருக்கிறது, காரையும் இருக்கிறது. பேய்கள் ஆடும் காட்டைச் சித்திரிக்க வந்தவருக்குக்கூடச் செடியைச் செடியின் பெயரால்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு நாம் எல்லாவற்றையும் புதர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்.

மேலைநாட்டு அறிவியலும் இதை ஊர்ப்பெயராலேயே அறிந்துகொண்டது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்து 1678 முதல் 1693 வரை வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’ நூலின் வழியாக இதன் மலையாளப் பெயரான கண்டங்காரை ஐரோப்பாவுக்குப் போனது. பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1785-இல் இந்தப் பேரினத்துக்குக் காந்தியம் என்று பெயர் வைத்தபோது அந்தச் சொல்லைத்தான் லத்தீன் ஆக்கினார். இனப்பெயரில் சோழமண்டலக் கரையும் சேர்ந்துகொண்டது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் சொந்த மண்ணாகக் கொண்ட செடிக்குப் பொருத்தமான பெயர்தான்.

இப்போது அரசாங்கத் தாள்களுக்கு வருகிறேன். இந்திய வன அளவைத் துறை ஈராண்டுக்கு ஒரு முறை வெளியிடும் காட்டு அறிக்கையில், மரக்கிளைகளின் கவிகை நிலப்பரப்பில் பத்து விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ள வனநிலம் புதர்நிலம் என்று தனியாக ஒதுக்கப்படுகிறது. காட்டின் பரப்பில் அது சேராது. மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் அடர்ந்த புதர்நிலம், திறந்த புதர்நிலம் இரண்டுமே தரிசு என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. மேலே இருந்து எடுத்த படத்தில் மரம் தெரிகிறதா என்பதே அளவுகோல். மாசி மாதத்துக் காரை அந்தப் படத்தில் வெறும் மண்ணாகத்தான் தெரியும்.

தரிசு என்று எழுதப்பட்ட நிலத்துக்கு எதுவும் நடக்கலாம். கல்குவாரி வரலாம், மனைப்பிரிவு வரலாம். இவற்றை எதிர்க்க ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குக் கூடுதல் கவலை தருவது நல்லெண்ணத்தோடு வரும் அழிவு. தமிழ்நாட்டின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கத்தோடு 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது, உள்ளூர் மரங்களை நட வேண்டும் என்ற எண்ணமும் அதில் உண்டு. ஆனால் ஊர்தோறும் மரம் நடுகிற ஆர்வலர்கள் முதலில் செய்வது என்ன? ஜேசிபி கொண்டுவந்து இடத்தைச் சுத்தம் செய்கிறார்கள். சுத்தம் என்றால் காரை, சூரை, பூலா எல்லாவற்றையும் வேரோடு பறித்தல். பிறகு வெட்டவெளியில் குழி எடுத்துக் கன்று நட்டு, ஆடு தின்னாமல் இருக்கக் கூண்டு வைத்து, கோடையில் தண்ணீர் லாரி வைத்து ஊற்றுகிறார்கள். காவலும் நிழலும் ஈரமும் காசில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்த செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே மூன்றையும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் இதற்கு மாற்று வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். அங்கேயும் கோடை வறண்டது, ஆடும் மேயும். கஸ்த்ரோவும் அவர் குழுவினரும் புதரை அகற்றாமல் அதன் நிழலிலேயே மரக்கன்றுகளை நட்டு, வெட்டவெளியில் நட்டவற்றோடு ஒப்பிட்டு 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புதரடியில் வைத்த கன்றுகள் கோடையைத் தாண்டிப் பிழைப்பது தெளிவாகவே அதிகமாக இருந்தது. தீர்த்தமலைச் சின்னான்கள் காலங்காலமாகச் செய்துவருவதும் அதுவேதான்.

எல்லாப் புதரும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உன்னிச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சீமைக்கருவேலம் 1870-களில் விறகுக்காக வந்தது. இரண்டும் இப்போது மலையடிவாரங்களில் காரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உன்னிச்செடி அடர்ந்த இடத்தில் அதன் அடியில் வேறெதுவும் எளிதில் தலைதூக்காது. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றுவதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. வரவேற்க வேண்டியது. ஆனால் உன்னியைப் பிடுங்குகிற கை பக்கத்தில் நிற்கும் காரையையும் சேர்த்துப் பிடுங்கிவிடக் கூடாது. இயந்திரத்துக்கு இரண்டும் முள்தான். ஆள் இறங்கி, செடி தெரிந்தவர் கூட நின்று, கையால் செய்ய வேண்டிய வேலை இது. அந்த அறிவு மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்களிடமும் சித்தேரி மலையின் பழங்குடி மக்களிடமும் இன்னும் இருக்கிறது. கூலி கொடுத்து அவர்களை அழைத்தால் போதும்.

தீர்த்தமலைக்கு இதில் கூடுதல் பங்கு உண்டு. பாறையில் விழுகிற மழை நேராக உருண்டு ஓடைக்குப் போனால் அன்றோடு முடிந்தது. சரிவில் மண் ஒட்டிக்கொண்டிருந்தால்தான், அந்த மண்ணில் வேர் பின்னிக்கிடந்தால்தான், நீர் நின்று நிதானித்துப் பாறை வெடிப்பில் இறங்கும். தீர்த்தத்தில் குளித்துவிட்டு ஈரத்துணியை முள்ளின் மேல் காயப்போடும் வழக்கம் இருக்கிறது. அந்த முள்ளை வெட்டி எறியாமல், பிளாஸ்டிக் பைகளைத் தொங்கவிடாமல் வருவதும் தீர்த்தத்துக்குச் செய்யும் தொண்டுதான். மலைப்பாதை ஓரத்தில் காரை, மருக்காரை, சூரை, பூலா நிற்கும் இடங்களில் பெயர்ப்பலகை வைப்பது கோயிலுக்கும் வனத்துறைக்கும் பெரிய செலவு இல்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஏறும் வழி அது.

நிலம் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் மானாவாரிக் கொல்லைகளுக்குக் கம்பி வேலி போடும் செலவு விவசாயிக்குப் பாரம். பழைய கொல்லைகளைச் சுற்றிக் காரையும் களாவும் சூரையும் பின்னிய உயிர்வேலி இருந்தது. ஆடு தாண்டாது, துருப்பிடிக்காது, ஆண்டுக்கு ஒரு தரம் கவாத்து செய்தால் விறகும் தழையும் கிடைக்கும். அதை மறுபடி வளர்க்கலாம். நன்றாகப் பழுத்த காரைப் பழங்களைப் பறித்து, சதையைக் கசக்கி நீரில் அலசிக் கொட்டையைத் தனியாக்க வேண்டும். நிழலில் ஈரம் உலர்த்தி, காலம் தாழ்த்தாமல் பையில் விதைப்பது நல்லது. கொட்டை தடித்தது என்பதால் முளைக்க நாளாகும். முளைக்கவில்லையே என்று பையைக் கொட்டிவிடாமல் ஈரம் காத்து வர வேண்டும். கன்று சாண் உயரம் வந்ததும் ஆடியிலோ ஐப்பசியிலோ மழை பிடித்த நாளில் வரப்பில் நெருக்கமாக நடலாம். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் ஆட்டுக்கு எட்டாமல் காய்ந்த முள்ளைப் பரப்பி வைக்க வேண்டும். முதல் கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கும்போது, செத்துவிட்டது என்று பிடுங்கிவிட வேண்டாம். நகத்தால் கீறிப் பாருங்கள்.